பாக்கெட்டில் மடக்குக் கத்தி: உறையோடா, உறையில்லாமலா?

எங்கள் தாத்தா ஒரு மடக்குக் கத்தியை 30 வருஷம் பச்சை பெல்ட்டின் பையில் செருகிக்கொண்டு திரிந்தார். அதில் துரு என்று ஒரு புள்ளி கிடையாது. அவர் போன பிறகு கத்தி என் கைக்கு வந்தது. நல்லது செய்வதாக நினைத்து அதற்கு ஒரு தோல் உறை வாங்கிப் போட்டேன். ஐப்பசியும் கார்த்திகையும்தான் கடந்திருக்கும். ஒருநாள் உருவிப் பார்த்தால் அலகு முழுக்கச் செம்புள்ளி, பிடியின் பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு. அடுத்து ஆசையாக வாங்கிய இன்னொரு கத்தி விமான நிலையத்தில் போயிற்று. இரண்டு தப்பையும் செய்து முடித்தவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

மடக்குக் கத்தி என்று நான் சொல்வது பட்டனைத் தட்டினால் பாயும் வகையை அல்ல. நகத்தை வைத்து இழுத்தால் திறந்து, முதுகிலுள்ள பட்டை ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் நிற்கிற, பூட்டு இல்லாத பேனாக்கத்தி. மாம்பழம் நறுக்க, பார்சல் பிரிக்க, பென்சில் சீவ வைத்திருப்போமே, அது. உறை என்பதும் இடுப்பில் தொங்கவிடும் சமாச்சாரம் அல்ல. வாய் திறந்த சின்னப் பை. கத்தியோடு சேர்ந்து பாக்கெட்டுக்குள் போகும்.

1. முதலில் ஸ்கேலை எடுங்கள்

உறையைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் அலகை அளந்துவிடுங்கள். பிடி முடிகிற இடத்திலிருந்து நுனி வரை நீளம், அகலமான இடத்தில் அகலம். இரண்டையும் ஃபோனில் குறித்து வையுங்கள்; பின்னால் இரண்டு இடங்களில் தேவைப்படும்.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டு வேலை, விவசாயம், தொழில் போன்றவற்றுக்காகச் செய்யப்பட்டவைக்கு அதிலும் விலக்கு உண்டு. பாக்கெட்டில் அடங்கும் கத்தியின் அலகு பெரும்பாலும் 6 முதல் 9 சென்டிமீட்டர்தான். அதனால் சாதாரண மடக்குக் கத்திக்கு லைசென்ஸ் எதுவும் தேவையில்லை. “லைசென்ஸ் எடுத்துத் தருகிறேன்” என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஆனால் இதில் மூன்று இடறல்கள் இருக்கின்றன.

டெல்லி தனிக்கதை. அங்கே 1980இல் ஆயுதச் சட்டத்தின் 4ஆவது பிரிவின் கீழ் ஓர் அறிவிக்கை போட்டார்கள். பட்டன் கத்தி, ஸ்பிரிங் கத்தி, கரகரவென்று பல் விழுந்து திறக்கும் ராம்பூரி வகைக் கத்தி, இன்னும் ஏதாவது ஒரு பொறியால் திறந்து மூடும் கத்தி ஆகியவை அதில் அடங்கும். நீளம் 7.62 சென்டிமீட்டரும் அகலம் 1.72 சென்டிமீட்டரும் அல்லது அதற்கு மேலும் இருந்தால் சிக்கல். ‘நம்முடையது வெறும் பட்டை ஸ்பிரிங்தானே’ என்று அங்கே போய் வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். அளவு அதைத் தாண்டினால் டெல்லிப் பயணத்தின்போது கத்தியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

அடுத்தது தடை உத்தரவு. முன்பு 144 என்போம். 2024 ஜூலையிலிருந்து அது புதிய சட்டத்தின் 163ஆவது பிரிவு. கலவரம், தேர்தல், பெரிய ஊர்வலம் என்று ஓர் ஊரில் அப்படி உத்தரவு போட்டால் ஆயுதம் எடுத்துப் போகக் கூடாது என்ற வரியும் அதில் இருக்கலாம். அந்த நாட்களில் பேனாக்கத்தியும் வேண்டாம்.

மூன்றாவது, அளவு சின்னதாக இருப்பதால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. எதற்காக வைத்திருக்கிறீர்கள் என்பதும் பார்க்கப்படும். ஒருமுறை ராத்திரி வாகனச் சோதனையில் என் பையைத் திறக்கச் சொன்னார்கள். “இது எதுக்குய்யா?” என்றார் காவலர். “கொய்யாப்பழம் நறுக்க சார்” என்றேன். பையில் உண்மையாகவே அரைக் கிலோ கொய்யா இருந்தது. சிரித்துவிட்டுப் போகச் சொன்னார். “தற்காப்புக்கு” என்று மட்டும் விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள். அந்த ஒரு வார்த்தையில் பழக்கத்தி ஆயுதமாகிவிடும்.

2. பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்

இங்கே ஆவணம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. வாங்கிய பில், அளவு தெரிகிற மாதிரி ஸ்கேலை அருகில் வைத்து எடுத்த ஒரு படம், இரண்டும் ஃபோனில் இருந்தால் போதும். கடையில் தெர்மல் தாளில் அடித்துத் தரும் பில் ஆறு மாதத்தில் வெளுத்துவிடும். அன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள். தாத்தா காலத்துக் கத்திக்குப் பில் எங்கே இருக்கும்? படம் மட்டும் போதும்.

வெளிநாட்டிலிருந்து கூரியரில் வரவழைக்காதீர்கள் என்பது என் யோசனை. சுங்க வரி எவ்வளவு என்று முன்கூட்டித் தெரியாது, பொருள் எத்தனை நாள் நிற்கும் என்றும் தெரியாது. இங்கேயே இறக்குமதி செய்து விற்பவரிடம் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்கினாலும் ஒரு வாரத்தில் கையில் இருக்கும்.

3. முதல் வாரம் உறை இல்லாமல் வையுங்கள்

எல்லாரும் முதலில் உறை வாங்கிவிட்டுப் பிறகு அது எதற்கு என்று யோசிக்கிறார்கள். நானும் அப்படித்தான். நீங்கள் மாற்றிச் செய்யுங்கள். ஒரு வாரம் கத்தியை வெறுமனே பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நடங்கள்.

அதற்கு முன்னால் ஒரு சோதனை. கத்தியை மூடி, அலகின் வாய் தரையைப் பார்க்கிற மாதிரி பிடித்துக்கொண்டு நன்றாக உதறுங்கள். அலகு அசையவே கூடாது. மூடிய கத்தியின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். நுனி பிடிக்கு மேலே துருத்திக்கொண்டு விரலில் தட்டக் கூடாது. திறக்கும்போதும் மூடும்போதும் ‘டக்’ என்று ஒரு சத்தம் வர வேண்டும். இந்த மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் அந்தக் கத்தி உறை இல்லாமல் பாக்கெட்டுக்குப் போகக் கூடாது. ஸ்பிரிங் தொய்ந்த கத்தி பாக்கெட்டுக்குள் அரை அங்குலம் திறந்தாலே போதும், சில்லறை எடுக்கப் போன விரலுக்குத் தையல் போட வேண்டி வரும்.

அப்புறம் அந்த ஒரு வாரத்தில் கவனியுங்கள். கத்தியோடு அதே பாக்கெட்டில் வேறு என்ன இருக்கிறது? சாவிக்கொத்து இருந்தால் மூன்றாம் நாளே பிடியில் கோடு விழும். ஃபோன் இருந்தால் திரைக்கு ஆபத்து. பைக்கில் உட்காரும்போது கத்தி குறுக்கே படுத்துக்கொண்டு தொடையில் குத்துகிறதா? பாக்கெட்டின் அடித்துணி நைந்து போகிறதா? இதற்கெல்லாம் ‘இல்லை’ என்றால் உங்களுக்கு உறை தேவையே இல்லை. ஒரு பாக்கெட்டைக் கத்திக்கென்றே ஒதுக்கிவிடுங்கள், வேலை முடிந்தது. டெய்லரிடம் பேன்ட் தைக்கக் கொடுக்கும்போது பாக்கெட் துணியை இரட்டையாகப் போடச் சொல்லலாம். எனக்கு அவர் அதற்கென்று தனியாகக் காசுகூட வாங்கவில்லை.

சட்டைப் பாக்கெட் வேண்டவே வேண்டாம். கிணற்றடியில் குனிந்தாலும் சரி, கழிவறையில் குனிந்தாலும் சரி, கத்தி போகும் திசை ஒன்றுதான்.

உறை இல்லாமல் வைப்பதில் ஒரே தொந்தரவு தூசி. பருத்தித் துணியின் பஞ்சு மெல்ல மெல்லப் பிடிக்குள் போய், அலகு திரும்பும் மூட்டில் அடைந்துகொள்ளும். வாரம் ஒருமுறை பல் குச்சியால் கிளறி எடுத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும்.

4. உறை யாருக்குத் தேவை

பாக்கெட்டைச் சாவியோடும் ஃபோனோடும் பங்கு போட்டுக்கொள்கிறவர்களுக்குத் தேவை. பையின் அடியில் கத்தியைப் போடுகிறவர்களுக்கும் தேவை. மாட்டுக்கொம்பு, மரம் என்று கீறல் விழுந்தால் மனசு கேட்காத பிடி இருந்தாலும் தேவை. உறையில் இருக்கும் கத்தி பாக்கெட்டுக்குள் நிமிர்ந்து நிற்கும். அடியில் போய்ச் சுருண்டு படுக்காது. அது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஒருநாள் பைக்கில் போய்ப் பாருங்கள்.

எவர்சில்வர் அலகும் அலுமினியப் பிடியும் உள்ள தட்டையான கத்திக்கு நான் உறை போடுவதில்லை. அதன் பிடியைக் கீறுவதே கஷ்டம். உறையும் சேர்ந்தால் பாக்கெட் புடைத்துக்கொண்டு நிற்கும்.

கார்பன் ஸ்டீல், அதாவது எவர்சில்வர் போலன்றிச் சீக்கிரம் துருப்பிடிக்கும் எஃகு, அலகாக இருந்தால் உறை வேண்டும். ஆனால் அந்த உறையே அதற்கு எமனாகவும் ஆகலாம். எப்படி என்பதை 7ஆவது தலைப்பில் சொல்கிறேன்.

பெல்ட்டில் மாட்டும் உறைகளும் விற்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பேருந்தில், வங்கியில், பள்ளிக்கூட வாசலில் எல்லாக் கண்ணும் அங்கேதான் போகும். பாக்கெட்டுக்குள் போகும் உறையையே வாங்குங்கள்.

தோல் வேண்டாம் என்பவர்களுக்கு வழி இருக்கிறது. நம் பாட்டிமார் இடுப்பில் செருகிக்கொண்ட சுருக்குப்பை என்ன பாவம் செய்தது? வெற்றிலையோடு பாக்குவெட்டியும் அதில்தானே கிடந்தது. பழைய ஜீன்ஸ் துணியில் ஒன்று தைத்து, தேன்மெழுகுக் கட்டியை அதன் மேல் அழுத்தித் தேய்த்து, மேலே ஒரு தாளை வைத்து இஸ்திரிப் பெட்டியால் லேசாகச் சூடு காட்டினால் மெழுகு துணிக்குள் இறங்கிவிடும். செலவு ஒன்றுமில்லை. சைக்கிள் டியூபை வெட்டி உறையாகப் போடுகிறவர்களும் உண்டு. நம் ஊர் வெயிலுக்கு அது சரிப்படாது. வேர்வை உள்ளே போனால் வெளியே வர வழி இல்லை.

5. தோலைப் பார்த்து வாங்குங்கள்

நான் முதலில் ஏமாந்தது இங்கேதான். ‘ஒரிஜினல் லெதர்’ என்று எழுதியிருந்தது, வாங்கிவிட்டேன். தோல் ஒரிஜினல்தான். எப்படிப் பதனிட்டது என்று கேட்கத் தோன்றவில்லை.

செருப்பு, ஹேண்ட்பேக் என்று இன்று கடையில் கிடைக்கும் தோலில் பெரும்பகுதி குரோமிய உப்பில் பதனிட்டது. மெத்தென்று இருக்கும், மடித்தால் மடியும். உறைக்கு அந்த மென்மைதான் குறை. வடிவம் நிற்காது, வாய் தொளதொளவென்று ஆகிவிடும், தலைகீழாகப் பிடித்தால் கத்தி நழுவி விழும். அதில் மிஞ்சியிருக்கும் உப்பு இரும்புக்கும் ஆகாது. உறைக்கு வேண்டியது மரப்பட்டையில் பதனிட்ட தோல். திருச்சி, திண்டுக்கல் பக்கம் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் ‘ஈஸ்ட் இந்தியா லெதர்’ என்று பேர் வாங்கி, புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. வியாபாரிகள் ‘ஈ.ஐ.’ என்பார்கள். அப்படிக் கேட்டால் நீங்கள் விவரமானவர் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் அந்த மரியாதையை அனுபவித்திருக்கிறேன்.

கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம், வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். மேலே பழுப்புச் சாயம் இருந்தாலும் நடுவில் நீலச் சாம்பல் தெரிந்தால் அது குரோமியத் தோல். மேலிருந்து அடிவரை ஒரே பழுப்பு என்றால் பட்டைத் தோல். இன்னொரு சோதனை: சின்னத் துண்டை நனைத்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பட்டைத் தோலில் விரல் பதிந்து அப்படியே நிற்கும், நனைந்த இடம் கறுக்கும். குரோமியத் தோல் பழையபடி எழுந்துகொள்ளும்.

சென்னையில் இருப்பவர்கள் பெரியமேட்டுக்குப் போங்கள். தோல் கடைகள் வரிசையாக இருக்கின்றன. முழுத் தோல் வாங்காதீர்கள், வெட்டு விழுந்த துண்டுகளைக் கேளுங்கள்; எடை போட்டுக் கொடுப்பார்கள். 2 மில்லிமீட்டர் தடிமன் போதும். 3 மில்லிமீட்டர் எடுத்தால் பாக்கெட்டில் செங்கல் வைத்த மாதிரி இருக்கும். நான்கு உறைக்கு ஆகிற துண்டுகள் எனக்கு 150 ரூபாய் ஆயிற்று. மதிய வெயிலில் போகாமல் காலை 11 மணிவாக்கில் போனால் பொறுமையாகக் கிளறிப் பார்க்க விடுவார்கள்.

6. அளவெடுத்துத் தைத்தல்

ரெடிமேட் உறை இணையத்தில் கிடைக்கிறது. ஆனால் அது அவர்கள் கத்தியின் அளவு. உங்கள் கத்தி அதில் ஒன்று ஆடும், இல்லையென்றால் சிக்கும். தைத்துக்கொள்வதுதான் என் கட்சி.

கணக்கு சுலபம். மூடிய கத்தியின் அகலத்தையும் தடிமனையும் கூட்டுங்கள், தையலுக்கு 6 மில்லிமீட்டர் சேருங்கள். அது உறையின் ஒரு பக்கத்துக்கான அகலம். ஒரே தோலை மடித்துத் தைப்பதால் அதை இரண்டால் பெருக்கி, மடிப்புக்கு 4 மில்லிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். என் தாத்தா கத்தி 100 மில்லிமீட்டர் நீளம், 22 அகலம், 12 தடிமன். 22, 12, 6 கூட்டினால் 40. இரண்டு பக்கத்துக்கு 80, மடிப்போடு 84. உயரத்துக்கு, கத்தியில் 20 மில்லிமீட்டர் வெளியே தெரிய விடுங்கள். அப்போதுதான் இரண்டு விரலால் பிடித்து உருவ முடியும். மீதி 80, அடித்தையலுக்கு 6, தடிமனில் பாதியாக இன்னொரு 6. ஆக 92.

இதை முதலில் காலண்டர் அட்டையில் வெட்டி, ஸ்டேப்லர் அடித்து, கத்தியை நுழைத்துப் பாருங்கள். நான் அட்டையில் வெட்டிப் பார்க்காமல் நேராகத் தோலில் கத்தரி வைத்தேன். தடிமனைக் கூட்ட மறந்துவிட்டேன். 84 வர வேண்டியது 60 வந்தது. கத்தி பாதி வழியில் நின்றுகொண்டது.

தையலை எங்கள் பேருந்து நிறுத்தத்தில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் கொடுத்தேன். கத்தியை நீட்டினேன், அவர் கை நீட்டவில்லை.

“கத்தியைக் கையில குடுக்காதீங்க தம்பி, கீழ வைங்க. அப்புறம் நமக்குள்ள சண்டை வரும்.”

கீழே வைத்தேன். எடுத்து, மூடி, திறந்து, மறுபடி மூடி, காதருகே வைத்துச் சத்தம் கேட்டார். “ரெண்டு ஊசி போட்டுத் தைக்கணும்ணே, மெஷின்ல வேணாம்” என்று நான் சொல்வதற்குள் நூலில் மெழுகை ஓட்டத் தொடங்கிவிட்டார். முதலில் ரப்பர் பசை தடவி ஓரங்களை ஒட்டினார். குத்தூசியால் ஓட்டை போட்டு, ஒரே ஓட்டையில் இந்தப் பக்கமிருந்து ஓர் ஊசி, அந்தப் பக்கமிருந்து ஓர் ஊசி. இப்படித் தைத்தால் ஓர் இடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற தையல் பிரியாது. மெஷின் தையலில் ஒரு கண்ணி போனால் வரிசையாகக் கிளம்பும். கூலி 80 ரூபாய், நேரம் முக்கால் மணி. நீங்களும் இதைச் சொல்லிக் கேளுங்கள். சொல்லாவிட்டால் ஒரே ஊசியில் ஓட்டித் தந்துவிடுவார்கள். உறையின் வாயில் பெருவிரல் அளவுக்கு அரைவட்டமாக ஒரு வெட்டும் போடச் சொல்லுங்கள், உருவ வசதியாக இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் உறையை வெதுவெதுப்பான தண்ணீரில் போடுங்கள். குமிழ் வருவது நின்றதும் எடுத்துவிடலாம். இரண்டு மூன்று நிமிஷம்தான். கத்தியைப் பாலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளே நுழைத்து, கட்டைவிரலால் ஓரமெல்லாம் அழுத்தி வடிவம் கொடுங்கள். பாலித்தீன் சுற்றாமல் நுழைத்தால் என்ன ஆகும்? பட்டைத் தோலின் துவர்ப்பும் இரும்பும் தண்ணீரில் சந்தித்தால் கறுப்பு ஊறும். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே சங்கதிதான். உறைக்குள்ளும் கறை, கத்தியிலும் கறை.

பத்து நிமிஷம் கழித்துக் கத்தியை உருவிவிட்டு உறையை நிழலில் காய வையுங்கள். கோடையில் ஒரு நாள், மழைக்காலத்தில் இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் அப்பளம் மாதிரி விறைத்து வெடிக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு மேலே மட்டும் தேன்மெழுகு தேய்த்துத் துணியால் பளபளப்பு ஏற்றுங்கள். உள்ளே எதுவும் தடவ வேண்டாம்.

எனக்கு ஆன மொத்தச் செலவு: தோலில் ஓர் உறையின் பங்கு 40 ரூபாய், தையல் 80, மெழுகு 50. நாள் கணக்கில் பார்த்தால், காய்வதையும் சேர்த்து மூன்று.

7. ராத்திரி உறையில் தூங்க விடாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். தாத்தாவின் கத்தி துருப்பிடிக்காமல் இருந்ததன் ரகசியம் பெல்ட் அல்ல. தினமும் சாயங்காலம் பெல்ட்டைக் கழற்றும்போது கத்தியை எடுத்து, துண்டால் துடைத்து, ஜன்னல் மேடையில் வைத்துவிடுவார். நான் அதை உறையோடு அலமாரியில் போட்டு இரண்டு மாதம் மறந்துவிட்டேன்.

தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கடலோர ஊரின் காற்றில் ஈரமும் உப்பும் சேர்ந்தே இருக்கின்றன. பகலில் உங்கள் வேர்வை வேறு. அதனால் உறை வெளியில் போகும்போது மட்டும் போடும் சட்டை. வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள். கத்தி ஓர் இடம், உறை ஓர் இடம். நவம்பர், டிசம்பரில் ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை எடுத்து, கத்தியோடு ஒரு டப்பாவில் போட்டு மூடலாம்.

எண்ணெயைப் பற்றி. தேங்காய் எண்ணெய் வீட்டிலேயே இருக்கிறது, பழம் நறுக்கும் கத்திக்கு வாயில் பட்டாலும் தொல்லையில்லை. அலகுக்கு ஒரு துளி தடவித் துடைக்கலாம். மூட்டுக்குள் மட்டும் விடாதீர்கள். 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையும். கொடைக்கானலில் விடியற்காலையில் ஆரஞ்சு உரிக்கப் போய், கத்தி திறக்காமல் கக்கத்தில் வைத்துச் சூடேற்றிய அனுபவம் எனக்கு இருக்கிறது. மூட்டுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. சின்னப் புட்டி ஒரு வருஷத்துக்கு வரும். அலகில் வழிந்ததைத் துடைத்துவிட்டே பழத்தில் வையுங்கள்.

துரு ஏற்கெனவே வந்துவிட்டதா? மிக மெல்லிய உப்புத்தாளில், 1000 நம்பர் என்று கேளுங்கள், எண்ணெய் தொட்டு நீளவாக்கில் மட்டும் தேய்த்தால் செம்புள்ளி போய்விடும். பித்தளையின் களிம்புக்கு விளக்குத் தேய்க்கும் புளியே போதும். ஆனால் புளி அலகில் படக் கூடாது, பட்டால் கறுக்கும். தேய்த்ததும் கழுவி உடனே துடைத்துவிடுங்கள். மாங்காயோ எலுமிச்சையோ நறுக்கிய பிறகு கார்பன் அலகில் நீலக் கறுப்பாக ஒரு படலம் வருமே, அது துரு அல்ல. அதைத் தேய்த்து எடுக்காதீர்கள். செந்துரு ஏறுவதை அது ஓரளவு தடுக்கும்.

8. கொண்டுபோகக் கூடாத இடங்கள்

நீதிமன்றம், ஆட்சியர் அலுவலகம், தலைமைச் செயலகம், பெரிய மால், தியேட்டர் போன்ற இடங்களில் வாசலிலேயே பையைப் பார்ப்பார்கள். மெட்ரோவில் ஸ்கேனர் இருக்கிறது. அலகு எவ்வளவு சின்னது என்று அங்கே யாரும் ஸ்கேல் வைத்து அளக்கப் போவதில்லை. ‘உள்ளே விடமாட்டார்கள்’ என்று வைத்துக்கொண்டே கிளம்புங்கள். வாசல் டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைக்காதீர்கள். டீக்கடைக்காரருக்கும் அது தலைவலி.

வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் அந்தந்த நாட்டு அளவைப் பார்த்துவிட்டே எடுத்துப் போங்கள். பிள்ளைகளைப் பார்க்க லண்டன் போகிறவர்கள் அதிகம் என்பதால் அதை மட்டும் சொல்கிறேன். அங்கே மடங்கும் கத்தியாக, பூட்டு இல்லாததாக, வெட்டும் வாய் 3 அங்குலத்துக்கு மிகாததாக இருந்தால் காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம். டெல்லியின் 7.62 சென்டிமீட்டரும் இந்த 3 அங்குலமும் ஒன்றுதான். திறந்ததும் பூட்டிக்கொள்ளும் கத்தி என்றால் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் தக்க காரணம் காட்ட வேண்டும். ஓப்பினல் 8ஆம் நம்பர் கத்தியை இங்கே நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள். அதன் கழுத்திலுள்ள வளையத்தைத் திருகினால் பூட்டிக்கொள்ளும், அலகும் 8.5 சென்டிமீட்டர். இரண்டு விதத்திலும் அங்கே காரணமில்லாமல் ஆகாது. ஜப்பான் இன்னும் கறார். 6 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தாலும் காரணமில்லாமல் மறைத்து வைத்திருப்பது அங்கே குற்றம்தான்.

9. விமானப் பயணம்

கையில் எடுத்துப் போகும் பையில் கத்தி கூடாது. செக்-இன் செய்யும் பெட்டியில் போடலாம். விதி இவ்வளவுதான், எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தும் விட்டதற்குக் காரணம் உறை. உறைக்குள் நிமிர்ந்து, சத்தமில்லாமல், தொடையில் குத்தாமல் இருந்ததால் கத்தி இருப்பதே மறந்துபோயிற்று. கடைசி நேரத்தில் பாக்கெட்டிலிருந்த சாமான்களை அள்ளிக் கைப்பையில் போட்டேன், அதோடு அதுவும் போயிற்று.

பாதுகாப்புச் சோதனையில் பிடிபட்டால் உங்களுக்கு இருக்கும் வழிகள் குறைவு. திரும்பிப் போய் விமான நிறுவனக் கவுன்டரில் கெஞ்சி, கைப்பையையே செக்-இன் ஆகப் போடலாம். கவுன்டர் மூடியிருக்கக் கூடாது, மறுபடி வரிசையில் நிற்க நேரம் இருக்க வேண்டும். இல்லையென்றால் கத்தியை அங்கேயே விட வேண்டும். எனக்கு 25 நிமிஷம்தான் இருந்தது.

அதனால் முந்தின ராத்திரியே செய்துவிடுங்கள். கத்தியை மூடி, ஒரு ரப்பர் பேண்ட் போட்டு, தடித்த துணியில் சுற்றிப் பெட்டியின் நடுவில் வையுங்கள். கைப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒருமுறை உதறுங்கள். செக்-இன் பெட்டியே இல்லாத பயணம் என்றால் கத்தி வீட்டில்.

அன்றைக்கு அந்த மேஜையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. அதில் ஏற்கெனவே மூன்று கத்தரிக்கோல், ஒரு ஸ்க்ரூ டிரைவர், யாரோ ஒரு அம்மாவின் தேங்காய்த் துருவி. காவலர் என் கத்தியை உருவி அதில் போட்டுவிட்டு, “இதை நீங்க கொண்டுபோகலாம் சார்” என்று உறையை மட்டும் என் கையில் கொடுத்தார்.